பட்டணத்தில் கிடைத்த சாவி

இருபத்து மூன்று வயது வரை என் கையில் ஒரு வீட்டுச் சாவி இருந்ததில்லை. ஏழை என்று நினைத்துப் பரிதாபப்பட்டுவிட வேண்டாம். காரைக்காலில் எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் ஆண்பிள்ளைக்குச் சாவி கிடையாது, அவ்வளவுதான். வீடு என்பது பெண்ணுக்கு. மகள் பிறந்த கையோடு வாப்பா கப்பல் ஏறிவிடுவார், அவளுக்கு ஒரு வீடு கட்டிவிட வேண்டுமே என்று. கல்யாணமானதும் மாப்பிள்ளை ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டில் வந்து இறங்குவான். பிறந்தது உம்மா வீடு. அது அக்கா தங்கைகளுக்குப் போய்விடும். இருப்பது பெண்டாட்டி வீடு. அது அவள் சொத்து. கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மீனில் நடுத்துண்டு எப்போதும் மாப்பிள்ளைக்குத்தான். ஆனாலும் சாவிக்கொத்து பெண்களின் இடுப்பில்தான் இருக்கும்.

என் வாப்பா சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் ஆயுசில் அவரை மொத்தம் நாலு தடவை பார்த்திருக்கிறேன். நாலாவது தடவை அவர் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கூடத்தில் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உம்மாவிடம், "இது யாரு மொவன்?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டுச் சிரித்து, என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அடுத்த பயணம் அவர் திரும்பி வரவில்லை, சைகோனிலேயே மவுத்தாகிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இருபத்திரண்டு வயதில் எனக்கு நிக்காஹ் நடந்தது. எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தவுடன் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிடக் கூடாது. அவர்களுக்கென்று கட்டிய அறையின் வாசலில் நிற்க வேண்டும். பெண் உள்ளே இருந்து "உள்ள வாங்க" என்று சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம். அவள் வீடல்லவா! என் மனைவிக்கு அப்போது பதினெட்டு வயது. மாடி அறைக்குள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால்தானே! என்னை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் கொசு ரீங்காரம் மாதிரி என்னவோ சொன்னாள். "சத்தமா சொல்லு புள்ள, மாப்புள்ளைக்குக் காது கேக்கணும்ல!" என்று பின்னாலிருந்து பெண்கள் கூட்டம் கத்தியது. உடனே அவள் தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி, "உள்ள வாங்க!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குணம் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயம் அது. நான் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவன். பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் சுமார். கொடி மாறிய மறுநாளே என் தாய்மாமா, "இனிமே அந்தப் பிரெஞ்சை வச்சு நாக்கு வழிக்கவா? பேசாம சைகோனுக்குக் கப்பல் ஏறு" என்று ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை, மெட்ராஸில் ஒரு வியாபாரக் கம்பெனிக்குப் பிரெஞ்சுக் கடிதம் படிக்கவும் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. சைகோனோடும் பிரான்ஸின் மார்சே துறைமுகத்தோடும் சரக்குப் போக்குவரத்து உள்ளவர்கள். விண்ணப்பம் போட்டேன், வரச் சொன்னார்கள். மாசம் தொண்ணூறு ரூபாய். காரைக்காலில் தொண்ணூறு ரூபாய் என்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, தம்ரூட் இனிப்புக் கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

கொடுத்தனுப்பிய கையோடு என் எதிர்காலத்தையும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். மண்ணடியில் நம் ஊர்க்காரர்கள் தங்கும் மெஸ் இருக்கிறது. மாப்பிள்ளை அங்கே ஒரு பாயைப் போட்டுக்கொள்வார். மாசா மாசம் பணம் அனுப்புவார். இரண்டு பெருநாளுக்கு வந்து போவார். "மெட்ராஸ் என்ன சைகோனா? சாயங்காலம் ரயில் ஏறினா விடிஞ்சா இங்க இருக்கலாம்" என்றார் மாமி. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வீட்டில் நாலு தலைமுறைப் பெண்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது ஒப்பவில்லை.

மனைவி அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "நீயும் வா புள்ள" என்றேன்.

"எங்க?"

"மெட்ராஸுக்கு."

"அங்க யாரு வீட்டுல இருக்கிறது?"

"வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறேன்."

அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாடகைன்னா... மாசா மாசம் காசைக் கொடுத்துட்டு அடுத்தவங்க வீட்டுல இருக்கிறதா? நாளைக்கே அவங்க எழுந்திரிச்சுப் போங்கன்னு சொன்னா?"

வாடகை என்ற சொல்லை நாங்கள் மாட்டு வண்டிக்கும் கல்யாணப் பாத்திரத்துக்கும்தான் சொல்லிப் பழக்கம்.

"யோசிக்கிறேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் மாட்டேன் என்று சொல்லாததே பெரிய விஷயம். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் வரவில்லை என்றால் நானும் இன்னொரு வாப்பாதான். பணம் அனுப்புவேன், பெருநாளுக்கு வருவேன், ஒருநாள் கூடத்தில் நிற்கும் பையனைப் பார்த்து யார் மகன் என்று கேட்பேன்.

காரைக்காலில் ரயிலேறி, அம்பகரத்தூரெல்லாம் தாண்டிப் பேரளத்தில் வண்டி மாறினேன். முன்பெல்லாம் எல்லையில் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தடவை ஒருவரும் என்னைச் சட்டை செய்யவில்லை. காலையில் எழும்பூரில் இறங்கி வெளியே வந்தவன் அப்படியே பெட்டியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

அடேயப்பா, என்ன ஜனம்! என்ன வேகம்! இவ்வளவு பேரும் எங்கே போகிறார்கள், ஒருவர்கூட ஏன் நின்று பேசவில்லை? எங்கள் ஊரில் நாகூர் கந்தூரிக்குத்தான் இப்படிக் கூட்டத்தைப் பார்க்கலாம். இங்கே அது தினமும். புகையே இல்லாத மின்சார ரயில், வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் ஓடியது. மவுண்ட் ரோட்டில் எழுத்துகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கம்பெனியில் முதல் நாள் என்னை ஓர் இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி இழுத்துச் சாத்தினார்கள். தரை மேலே கிளம்பியதும் எனக்குத் தெரிந்த ஓதலெல்லாம் ஓதிவிட்டேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது கூட இருந்த குமாஸ்தா, "இறங்குங்க சார், வந்தாச்சு" என்று என் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டார்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் கடற்கரைக்குப் போகிறவனுக்கு ஏதாவது வேலை இருக்கும்; வலை இழுப்பான், அல்லது கப்பலைப் பார்க்கப் போவான். இங்கே ஆயிரம் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடலைப் பார்ப்பதற்காகவே வீட்டிலிருந்து உடுத்திக் கிளம்பி வந்திருக்கிறார்கள்! அதே கடல்தான், எங்கள் கிளிஞ்சல்மேட்டில் அடிக்கிற அதே அலைதான். அந்தப் பட்டணத்தில் காசில்லாமல் கிடைத்ததும் அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் காசு. காசென்றால் காசு, அப்படி ஒரு காசு. வாழை இலைக்குக் காசு. எலுமிச்சம்பழம் ஒன்று இரண்டணா. ஒரு நாள் மார்க்கெட்டில் ஒரு பெண் கறிவேப்பிலைக்குக் காசு கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். கறிவேப்பிலைக்கு! எனக்குக் கோபம் வரவில்லை, மலைப்புத்தான் வந்தது. இவ்வளவு விலை கொடுத்தும் லட்சம் ஜனம் இங்கே இருக்கிறதே, என்ன தைரியம் இவர்களுக்கு! கோர்ட்டுக் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் எல்லாரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. காலையில் அந்த வீட்டுப் பெண்கள் அடுத்தவர் வாசலில் இத்தனை பெரிய கோலம் போட்டு, நின்று அழகு பார்த்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமாக இருந்தது.

இதையெல்லாம் ஒன்று விடாமல் மனைவிக்கு எழுதினேன். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. எங்கள் பெண்களுக்கு ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்துத்தான். அந்த எழுத்தில் தமிழை எழுதினால் கடகடவென்று படிப்பார்கள். நானும் வலமிருந்து இடமாகப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். கம்பெனியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "அரபு நாட்டுக்கெல்லாம் கடிதம் எழுதறீங்களா?" என்று கேட்டார். பெண்டாட்டிக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

மண்ணடி மெஸ்ஸில் ஓர் அறையில் ஒன்பது பேர். சம்பளத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கும் உம்மாவுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு தேடப் புறப்படுவேன். மண்ணடியில் கேட்ட வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு தெருவையே கேட்கலாம். திருவல்லிக்கேணிப் பக்கம் போனேன். முதல் கேள்வி, "சம்சாரம் எங்கே?" ஊரில் என்பேன். "ஒண்டிக்கட்டைக்குக் கொடுக்கிறதில்லைப்பா." சிலர் என் தொப்பியைப் பார்த்ததுமே, "சாமான் போட்டு வைக்கப் போறோம்" என்று கதவைச் சாத்தினார்கள். சும்மா சொல்லக் கூடாது, மரியாதையாகத்தான் சாத்தினார்கள். அட்வான்ஸ் மூன்று மாசம் என்று கேட்டபோதெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவ்வளவு பணத்தை மொத்தமாக நான் பார்த்ததே கல்யாணத்தின்போதுதான்.

இரண்டு மாசம் இப்படி அலைந்த பிறகு ஒரு சந்தில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கக் கண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, சின்ன முற்றம். முற்றத்தில் குழாய்! நாற்பது ரூபாய், மூன்று மாச அட்வான்ஸ் என்றார். நல்லபடியாகத்தான் பேசினார். காரியம் கூடிவருகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. காரியத்தை முறையாக முடிக்க வேண்டாமா? எழுந்து நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னேன்.

"சரிங்க. வீட்டுக்கார அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

பேப்பர் கீழே இறங்கியது. "என்னது?"

எங்கள் ஊரில் வீட்டு விஷயத்தை ஆண்பிள்ளையிடம் பேசி முடித்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்குச் செய்கிற அவமரியாதை. அவள் முதுகுக்குப் பின்னால் பேரம் பேசிய மாதிரி. திரைக்குப் பின்னால் அவள் நிற்க, அவளிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு இது சோறு தின்பது மாதிரிப் பழக்கம். உலகம் பூராவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாகிட்ட கேட்கணும்ங்க" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "உங்ககிட்ட பேசி என்ன ஆகப் போவுது?"

அவ்வளவுதான். மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி மடங்கிவிட்டது. "என் பொஞ்சாதிகிட்ட உனக்கு என்னடா பேச்சு? எந்த ஊர்க்காரன்டா நீ? வெளியே போடா!" நான் காரைக்கால் என்று சொன்னேன், கேட்டாரே என்று சொன்னேன். அது இன்னும் வினையாகிவிட்டது. கையில் குடையும் காலில் ஒற்றைச் செருப்புமாகச் சந்தில் வந்து விழுந்தேன். இன்னொரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

செருப்பை விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. போனால் புதுசு வாங்கப் பணமில்லை. பக்கச் சந்தில் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். அப்போது கொல்லைக் கதவு திறந்தது. ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மாள், கையெல்லாம் அரைத்த மாவு, காலால் என் செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு என்னைக் கூப்பிடச் சொன்னே?" என்று கேட்டார். குரலில் கோபம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம் என்பதை, அவளைக் கேட்காமல் ஓர் ஆணியும் அடிக்க மாட்டோம் என்பதை, நான் இதுவரை எந்த வீட்டுக்கும் சொந்தக்காரனாக இருந்ததில்லை என்பதை. தப்பாக நினைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

மாவுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இந்த வீடு எங்கப்பா எனக்குக் கொடுத்த சீதனம்" என்றார். "என் பேர்லதான் பத்திரம். கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் ஆகுது. வாடகைக்கு எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன், இவரே கேட்டதில்லை."

அவர் உடனே குரலை மாற்றிக்கொண்டார். "இதுக்காக வாடகையில ஒரு ரூபா குறைக்க மாட்டேன், ஆமா. அட்வான்ஸ் மட்டும் ரெண்டு மாசம் போதும். இவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த மாசம் முடியற வரைக்கும் பூட்டி வைக்கிறேன். பொஞ்சாதியோட வந்தா வீடு. தனியா வந்தியோ, படியேறாதே. அவ வருவாளா?"

"வருவா அம்மா" என்றேன். வருவாள் என்று எனக்கே தெரியாது.

அட்வான்ஸ் எண்பது ரூபாய். அதற்கு வழி இல்லை. மாசம் நாற்பது வாடகை கட்டி, உம்மாவுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் இரண்டு பேர் பட்டணத்தில் சாப்பிடவும் வழி இல்லை. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் உதைத்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அவளிடம் நேரில் பேசிப் பார்ப்போம், நகையைக் கேட்பதாக இருந்தாலும் கேட்போம் என்று ஒரு சனிக்கிழமை ஊருக்கு ரயிலேறினேன். நகையைக் கேட்க வேண்டும் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது.

மறுநாள் காலை பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார். கொடி மாறிய பிறகு காரைக்காலுக்குப் புது அதிகாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இவர் மெட்ராஸ்காரர், குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்காமல் நாயாக அலைந்துகொண்டிருந்தார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், இங்கே மாடி காலியாகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். எந்த மாடி? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தோரணையிலிருந்து அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது.

அதிகாரி என்னிடம், "வாடகை எவ்வளவு சார் எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்ங்க? வீடு என்னுது இல்லையே."

"பின்னே யாருது?"

நான் உள்கட்டு வாசலில் தொங்கிய திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பாவம், திருவல்லிக்கேணியில் நான் விழித்த அதே முழி.

திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "முப்பத்தஞ்சு ரூபா. மூணு மாச அட்வான்ஸ்."

அதிகாரி திரையைப் பார்த்துப் பதில் சொல்லலாமா என்று தயங்கினார். "காரைக்கால்ல போய் மூணு மாசமா? மெட்ராஸ்லகூட..."

"மெட்ராஸ்ல மூணு மாசம்தான் கேக்குறாங்க. எனக்குத் தெரியும். ஒரு ரூமுக்கு நாப்பது ரூபா. எலுமிச்சம்பழம் ரெண்டணா. கறிவேப்பிலைக்குக்கூட அங்க காசு. இங்க கொல்லையில மரம் நிக்குது, உங்க வீட்டு அம்மா எவ்வளவு வேணும்னாலும் பறிச்சுக்கலாம்."

நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அங்கே பேசிக்கொண்டிருந்தன! அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கடைசியில் முப்பத்திரண்டுக்குப் படிந்தது. அட்வான்ஸ் மூன்று மாசம். அதில் அவள் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாளே பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனதும் மாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடிப் பாவி, மாடியை ஊரான்கிட்ட விட்டுட்டு நீ எங்கடி படுப்பே?"

"அதான் உம்மா எனக்கும் யோசனையா இருக்கு" என்றாள் என் மனைவி, உதட்டில் சிரிப்பே இல்லாமல். "மெட்ராஸ்லதான் படுக்கணும் போலிருக்கு."

"வீட்டை விட்டுட்டுப் போன பொண்ணை நம்ம தெருவுல எங்கயாவது பார்த்திருக்கியாடி?"

"வீடு எங்க உம்மா போவுது? அது இங்கயே இருந்து சம்பாரிச்சு மாசா மாசம் எனக்கு மணியார்டர் அனுப்பும். வாப்பா அக்கரையிலேர்ந்து அனுப்புறாங்கல்ல, அதுமாதிரி."

மாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுகைதான் ஜெயித்தது, அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை. லிஃப்டைப் பார்த்து அசந்தேன், மின்சார ரயிலைப் பார்த்து அசந்தேன் என்றெல்லாம் எழுதினேனே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. வாசற்படி தாண்டிக் கடைத்தெருவுக்குப் போகாத பெண், நான் மூன்று மாசமாக மோதி மண்டை உடைத்துக்கொண்ட கணக்கை, மீன்காரம்மாவிடம் சொல்லியனுப்பி, திரைக்குப் பின்னால் நின்று அரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி பயமாக இருந்தது.

"ஏன் புள்ள இப்படிச் செஞ்சே?" என்று தனியாகக் கேட்டேன்.

"உங்க வாப்பா, இது யாரு மொவன்னு கேட்டாங்கன்னு ஒரு தடவை சொன்னீங்கள்ல" என்றாள். "எங்க வாப்பா வந்தாலும் நான் கதவுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சுக்குவேன். யாரோ வந்திருக்காங்கன்னு தோணும். நமக்கு ஒண்ணு பொறந்தா அது ஒளியக் கூடாது."

நாலு நாளில் கிளம்பினோம். மாமி ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஆனால் சாமானை அவிழ்த்தபோது பார்த்தோம், ஈரத்துணியில் சுற்றி இரண்டு கை கறிவேப்பிலை வைத்திருந்தார்.

எழும்பூரில் குதிரை வண்டி பிடித்தேன். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி, அவள் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எதைக் காட்டினாலும், "எழுதியிருந்தீங்களே" என்பாள். ஒரு வாசலில் பெரிய கோலத்தைப் பார்த்தபோது மட்டும், "ரப்பே, இவ்வளவு பெரிசா!" என்றாள்.

திருவல்லிக்கேணி வீட்டில் அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். பெரியவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அம்மாள் என் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீதானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாவியை நீட்டினார். என்னிடம் நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. வழக்கப்படி மனைவியைப் பார்த்தேன்.

"வாங்கிக்கங்க" என்றாள். "இந்த ஊர்ல உங்ககிட்டதானே கொடுக்கிறாங்க."

இரும்புச் சாவி, கனமாக இருந்தது. பூட்டில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு தடவை தப்பாகத் திருப்பினேன். கதவு திறந்தது. உள்ளே போய்ப் பெட்டியை இறக்கி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். முற்றத்துக் குழாயைத் திருகிப் பார்த்தேன்; தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். அவள் இன்னும் வாசலுக்கு வெளியே, துப்பட்டியோடும் கையில் மூட்டையோடும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அங்கேயே நிக்கிறே?"

"நீங்க இன்னும் கூப்பிடலையே" என்றாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. இந்த வீட்டுக்குச் சாவி என் கையில் இருந்தது. என் வாப்பா இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய வாப்பாவும் சொன்னதில்லை. மூன்று மகள்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த மனுஷர் என் வாப்பா, ஒருவரைக்கூட உள்ளே வா என்று கூப்பிட அவருக்கென்று ஒரு வாசல் இருந்ததில்லை. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. மெதுவாக, "உள்ள வாங்க" என்றேன். அவளை நான் வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் நகரவில்லை. துப்பட்டிக்குள் கண் சிரித்தது.

"சத்தமா சொல்லுங்க. காது கேக்கணும்ல."

"உள்ள வாங்க!" என்று கத்தினேன். பெரியவரின் பேப்பர் கீழே இறங்கியது. அவள் பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தாள்.